வேலையை விட்டுட்டு ஓ.டி.ஏ. போறீங்களா? யூனிபார்முக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

ஐ.டி.யில ரெண்டு வருஷமா வேலை பார்க்கிற ஒரு தம்பி போன வாரம் என்கிட்ட பேசினாரு. "அண்ணா, எஸ்.எஸ்.பி.ல ரெகமண்ட் ஆயிட்டேன். நாளைக்கே பேப்பர் போட்டுடவா?" ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஆனா நான் சொன்ன பதில், "கொஞ்சம் பொறு தம்பி."

ஏன்னு பார்க்கலாம்.

சென்னை பரங்கிமலையில இருக்கிற ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி 1963-ல தொடங்கினது. டிகிரி முடிச்சவங்க யு.பி.எஸ்.சி. நடத்துற சி.டி.எஸ். தேர்வு எழுதி இங்க போகலாம். வயசு 19 முதல் 25 வரை. ஆண், பெண் ரெண்டு பேருக்குமே வாய்ப்பு உண்டு. தேர்வுக் கட்டணம் 200 ரூபாய்தான், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் கிடையாது. அதனால வேலையில இருந்துக்கிட்டே தயாராகுறதுதான் புத்திசாலித்தனம்.

1. ராஜினாமா எப்போ?

எஸ்.எஸ்.பி. இன்டர்வியூ அஞ்சு நாள் நடக்கும். தேர்வானா மெடிக்கலுக்கு இன்னும் சில நாள் ஆகும். இதுக்கு லீவை இப்பவே சேர்த்து வைங்க. முதல் தடவை போறவங்களுக்கு ஏ.சி. 3-டயர் ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

ரெகமண்ட் ஆனா மட்டும் சீட் உறுதி இல்லை. மெடிக்கல்ல பாஸ் ஆகணும், மெரிட் லிஸ்ட்ல பேர் வரணும். அதுக்கப்புறம்தான் ஜாயினிங் லெட்டர். ஆனா உங்க நோட்டீஸ் பீரியட் 90 நாளா இருந்தா, லெட்டர் வந்தப்புறம் அவ்வளவு நாள் கிடைக்காம போகலாம். அதனால ஆஃபர் லெட்டரை எடுத்து, மீதி நாளுக்குப் பணம் கட்டி வெளிய வர வழி இருக்கான்னு பாருங்க. அந்தத் தொகையைத் தனியா ஒதுக்கி வைங்க.

2. பயிற்சிக் காலம்

பயிற்சி 49 வாரம். ஸ்டைபண்ட் மாசம் 56,100 ரூபாய். விடியுறதுக்கு முன்னாடியே நாள் ஆரம்பிச்சிடும். பி.டி., டிரில், ஆயுதப் பயிற்சி, வகுப்பு, காடு மேடுன்னு கேம்ப். போன் எடுத்து இ.எம்.ஐ. கட்டுற நிலைமையில நீங்க இருக்க மாட்டீங்க. அதனால கிரெடிட் கார்டு பாக்கியை முழுசா முடிச்சிடுங்க. மத்த கடனை ஆட்டோ டெபிட்ல போட்டு, அந்தக் கணக்குல குறைஞ்சது 3 மாச இ.எம்.ஐ. இருக்கிற மாதிரி பார்த்துக்கோங்க.

பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீங்க. 5 வருஷ தொடர் சர்வீஸ் முடியாம எடுத்தா வரி வரும்.

உடம்பும் ஒரு முதலீடுதான். போறதுக்கு முன்னாடியே 2.4 கிலோமீட்டர் ஓட்டம், புஷ்-அப், சிட்-அப், கயிறு ஏறுதல் எல்லாம் பழகிடுங்க. திடீர்னு ஆரம்பிச்சா முதல்ல அடி வாங்குறது முட்டியும் கணுக்காலும்தான்.

3. யாரும் பேசாத ரிஸ்க்

பயிற்சியில காயம் பட்டு மெடிக்கல் காரணத்தால வெளிய வர்ற கேடட்டுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி கிடைக்கிறதில்லை. 2025-ல சுப்ரீம் கோர்ட்டே தானா முன்வந்து கையில எடுத்த பிரச்சினை இது. இன்னொண்ணு, உங்க விருப்பத்துல நடுவுல விலகினா பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டணும்.

அதனால 6 மாச வீட்டுச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம கிளம்பாதீங்க. கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கடைசி வேலை நாளோட போயிடும். அதுல அப்பா அம்மா இருந்தா, வேலையில இருக்கும்போதே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில தனி பாலிசியா மாத்திக்கக் கேளுங்க. புதுசா எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற சுகருக்கும் பிரஷருக்கும் வெயிட்டிங் பீரியட் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

4. பத்து வருஷம் கழிச்சு?

இதுதான் பெரிய கணக்கு. இது ஷார்ட் சர்வீஸ் கமிஷன். 10 வருஷம், வேணும்னா இன்னும் 4 வருஷம் நீட்டிக்கலாம். நிரந்தர கமிஷன் தேர்வாகிறவங்களுக்கு மட்டும்தான். ஆபீசருக்கு பென்ஷன் வர 20 வருஷ சர்வீஸ் வேணும். அப்போ 14 வருஷத்துல வெளிய வந்தா? பணிக்கொடை உண்டு, பென்ஷன் கிடையாது.

இப்போ உங்க பி.எஃப்.ல கம்பெனியும் பங்கு போடுது இல்லையா? ராணுவ ஆபீசர்களோட டி.எஸ்.ஓ.பி. ஃபண்டுல நீங்க போடுறது மட்டும்தான், அரசு பங்கு கிடையாது. அதனால சேமிப்பு முழுக்க உங்க பொறுப்பு.

ஒரு எளிய வழி சொல்றேன். லெப்டினன்ட் ஆனதும் அடிப்படைச் சம்பளத்தோட மிலிட்டரி சர்வீஸ் பே 15,500 ரூபாய் வரும். அந்தத் தொகையை மட்டும் மாசா மாசம் எடுத்து வைங்க. 10 வருஷத்துல நீங்க போடுறது 18.6 லட்சம். வருஷத்துக்கு 8% வளர்ந்தா சுமார் 28 லட்சம். 35 வயசுல இன்னொரு வேலை தேடும்போது, கிடைச்ச வேலைக்குத் தலையாட்டாம நிதானமா முடிவெடுக்கிற தைரியத்தை அந்தப் பணம் கொடுக்கும்.

அந்தத் தம்பி இன்னும் பேப்பர் போடலை. மெரிட் லிஸ்ட்டுக்காகக் காத்திருக்காரு. காலையில ஓடுறாரு, சாயங்காலம் பர்சனல் லோனை அடைக்கிறாரு. பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர்ல அவர் அணிவகுத்து வரும்போது, கேலரியில உட்கார்ந்திருக்கிற அம்மா மனசுல கடன் கவலை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உங்க நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? இன்னைக்கே எடுத்துப் பாருங்க.