ரெண்டு ரூம்ல ஏசி ஓடுதா? 500 யூனிட் கோட்டைப் பார்த்துக்கோங்க!

பண்ருட்டியில பலாப்பழம் வந்து குவியுற நேரத்துலதான் கத்திரி வெயிலும் வந்து நிக்கும். ராத்திரி 10 மணிக்கும் மாடி ரூம் அனலா இருக்கும். அப்பா அம்மா ரூம்ல ஒரு ஏசி, பிள்ளைங்க ரூம்ல ஒரு ஏசி. ரெண்டு மாசம் கழிச்சு கரண்ட் பில் வரும்போதுதான் நிஜமான சூடு தெரியும்.

லண்டன்ல இதே பிரச்சனை தலைகீழ். அங்கே குளிருக்காகச் செலவு. ஒரே ஒரு கேஸ் பாய்லர் தண்ணியைச் சூடாக்கி, பைப் வழியா எல்லா ரூமுக்கும் அனுப்பும். ஆள் இல்லாத ரூமும் சேர்ந்தே சூடாகும். அதனால வீட்டை ரெண்டு மூணு ‘ஜோன்’ ஆகப் பிரிக்கிறாங்க. ஒவ்வொரு ஜோனுக்கும் தனி தெர்மோஸ்டாட், பைப்ல ஒரு மோட்டார் வால்வு. அந்தப் பகுதி குளிர்ந்தா வால்வு திறக்கும், பாய்லர் எரியும். எல்லா வால்வும் மூடிட்டா பாய்லரும் நின்னுடும்.

நமக்கு அந்தச் செலவே இல்லை. ஸ்பிளிட் ஏசி ஒவ்வொண்ணும் தனி மெஷின், தனி தெர்மோஸ்டாட். அதாவது ஒவ்வொரு ரூமும் ஏற்கனவே ஒரு ஜோன்தான். ஒரே நேரத்துல எத்தனை ஜோன் ஓடணும்ங்கிறதுலதான் நம்ம காசு போகுது.

கணக்கு போடுவோம். 2022 செப்டம்பர் 10-ல வந்த ரேட்டை எடுத்துக்கிறேன். அதுக்கப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கு. ஏசி இல்லாம ரெண்டு மாசத்துக்கு 250 யூனிட், ஒரு ஏசிக்கு ராத்திரிக்கு 6 யூனிட்னு வச்சுக்குவோம். 60 நாளுக்கு 360 யூனிட்.

ஏசி இல்லாம, 250 யூனிட்: ரூ. 450
ஒரு ஏசி, 610 யூனிட்: ரூ. 2,840
ரெண்டு ஏசி, 970 யூனிட்: ரூ. 6,250

ரெண்டு ஏசியும் ஒரே அளவு கரண்ட்தான் எடுக்குது. ஆனா முதல் ஏசிக்கு ரூ. 2,390, ரெண்டாவதுக்கு ரூ. 3,410. மேலே போகப் போக ஒவ்வொரு யூனிட்டும் விலை ஏறும். அதோட அந்த 2022 ரேட்படி 500 யூனிட்டைத் தாண்டினா 101 முதல் 200 வரைக்குமான யூனிட்டுக்கு ரூ. 2.25 சலுகை போய், அதுவும் ரூ. 4.50 ஆயிடும்.

அப்போ என்ன செய்யலாம்?

முதல்ல, கத்திரி முடியுற வரைக்கும் எல்லாரும் ஒரே ரூம்ல படுங்க. மாடி ரூம் வேண்டாம். பகல் முழுக்க வெயில் வாங்கின மொட்டைமாடி கான்கிரீட் ராத்திரி பூரா அனலை உள்ளே விடும். கீழ் ரூம்ல ஏசிக்கு வேலை குறைவு.

ரெண்டாவது, 22 டிகிரியில வைக்கிறவங்க 26-க்கு மாத்தி, ஃபேனையும் போடுங்க. ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பே சொல்லுது. 2020 ஜனவரியிலிருந்து வர்ற ஸ்டார் ஏசி ஆன் பண்ணினா 24-ல தொடங்குறதும் இதுக்காகத்தான்.

மூணாவது, டைமர். காலையில 6 மணிக்குப் பதிலா 5 மணிக்கே ஆஃப் ஆகட்டும். கதவைச் சாத்தியே வச்சா குளிர்ச்சி நிக்கும்.

ரெண்டாவதும் மூணாவதும் சேர்ந்தாலே 6 யூனிட் கிட்டத்தட்ட 4 ஆகும். மொத்தம் 490 யூனிட், பில் ரூ. 1,665. ஒரு ஏசி வீட்டுக்கே ரூ. 1,175 மிச்சம்! ஸ்மார்ட் பிளக் எதுவும் வாங்க வேண்டாம், கையில இருக்கிற ரிமோட் போதும்.

கடைசியா ஒண்ணு. ரீடிங் எடுத்த 30-வது நாள் நீங்களே மீட்டரைப் பாருங்க. 250-ஐத் தாண்டியிருந்தா, மீதி 30 நாள்ல சரி பண்ண இன்னும் நேரம் இருக்கு. பில் வந்தப்புறம் பார்த்தா கட்டத்தான் முடியும்.

உங்க வீட்டு யூனிட் எவ்வளவுன்னு வீடியோ கமெண்ட்ல போடுங்க, சேர்ந்தே கணக்கு பார்ப்போம்.