சின்னக் கைக்குக் கித்தார் வருமா?

புதுச்சேரியில் ஆண்டுதோறும் ஜூன் 21-ந் தேதியையொட்டி, பிரெஞ்சு வழக்கப்படி இசைத் திருவிழா நடக்கிறது. கித்தார் சத்தம் கேட்டதும் பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிடும். உடனே தங்கள் கையைப் பார்ப்பார்கள்.

"விரல் குட்டையாக இருக்கிறதே, எட்டுமா?"

இதற்குப் பிரான்சு நாட்டிலேயே பதில் இருக்கிறது!

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் நாடோடிக் குடும்பத்தில் 1910-ல் பிறந்தவர். 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றியது. அப்போது அவருக்கு வயது 18. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிப் போயின. கித்தாரில் தந்தியை அழுத்துவதே இடது கைதான்!

அவர் விடவில்லை. பெரும்பாலும் மற்ற இரண்டு விரல்களாலேயே வாசித்துப் பழகினார். 1934-ல் பாரிசில் குழு அமைத்து உலகப் புகழ் பெற்றார்.

சின்னக் கைக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. வீணையைப் போல கித்தாருக்கும் மெட்டுகள் உண்டு. தலைப் பக்கம் இடைவெளி அகலம். உள்ளே போகப் போகக் குறுகும். 12-வது மெட்டருகே பாதிதான். 'காப்போ' என்ற பிடியை மூன்றாவது மெட்டில் மாட்டினால், அகலமான இடங்களைத் தாண்டி விரல் வைக்கலாம்.

கட்டை விரலைக் கழுத்தின் பின்புறம் நடுவில் வையுங்கள். மற்ற விரல்கள் தாமாக நீளும்.

முக்கால் அளவுக் கித்தாரும் கடையில் உண்டு. பிள்ளையின் மடியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். 'வளர்ந்தால் சரியாகும்' என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குத்தான் பொருந்தும்.

முதல் சில வாரம் விரல் நுனி வலிக்கும். அது பெரிய கைக்கும் உண்டு.