மோட்டார் ஓடியும் நீர் வாராதபோது

வட மாநிலச் சிற்றூர்களில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய தமிழ் அன்பர்கள் பலருக்குக் கோடையில் நேரும் தொல்லை ஒன்று உண்டு. மோட்டார் ஓடுகின்றது, தொட்டியில் நீர் விழுவதில்லை. அண்டை வீட்டார் இரண்டு யோசனைகள் கூறுவர். குதிரைச் சக்தி மிகுந்த மோட்டாரை வாங்குங்கள் என்பது ஒன்று. குழி வெட்டி மோட்டாரைக் கீழே இறக்குங்கள் என்பது மற்றொன்று. முன்னதால் பணம் வீணாகும். பின்னதால் உயிரே போகக்கூடும்.

தரைமேல் நிற்கும் பம்பு நீரை இழுப்பதாகச் சொல்லுகிறோம். உண்மையில், குழாயினுள் அழுத்தத்தைக் குறைப்பதே அதன் வேலை. வெளியே உள்ள காற்றின் பாரம் நிலத்தடி நீரை அழுத்தி மேலே ஏற்றுகின்றது. கடல் மட்டத்தில் அப்பாரம் ஏறத்தாழ 10.3 மீட்டர் உயர நீரைத்தான் தாங்கும். இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1640-களிலேயே இதனை விளக்கினார். உராய்வு முதலியன போக, நடைமுறையில் கிடைப்பது சுமார் 7 மீட்டர், அதாவது 23 அடி. நம் அண்டை வீட்டார் ‘நல்கா’ என்று சொல்லும் சாதாரணக் கைப்பம்பிற்கும் இதே எல்லைதான். மோட்டாரை இரட்டிப்பாக்கினாலும் ஆகாயத்தின் பாரம் இரட்டிப்பதில்லையே!

ஆதலின், முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். இரவு முழுதும் பம்பை நிறுத்திவைத்து, காலையில் மின்சாரத்தைத் துண்டித்து, மூட்டைக் கழற்றி, நூலில் கட்டிய சிறு பளுவைக் குழாய்க்குள் விட்டால் நீர்மட்டம் தெரிந்துவிடும். பம்பு ஓடும்போது மட்டம் மேலும் தாழும் என்பதையும் கணக்கிற் கொள்ள வேண்டும். நீர் 15 அடியிலேயே நிற்குமாயின் குற்றம் பெரும்பாலும் நிலத்தில் இல்லை. வால்விலோ மூட்டிலோ இருக்கும். பம்பில் நீர் நிரப்பிச் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். நிரப்பிய நீர் இறங்கிவிட்டால் வால்வு பழுது. மூட்டின் பழுதோ கண்ணிற்கு எளிதில் அகப்படாது. பம்பு ஓடும்போது அவ்விடத்தில் நீர் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே புகுகின்றது. சில ரூபாய்ச் செலவில் தீரும் காரியத்திற்குப் புதுக் குழாய் இறக்கினவர்கள் உண்டு.

நீர் உண்மையாகவே 25 அடிக்குக் கீழே போயிருந்தால்தான் குழியின் நினைவு வரும். பஞ்சாப், ஹரியாணா உழவர்கள் இறங்கிச் செல்லும் நீரைத் தொடர்ந்து குழிகளை ஆழப்படுத்தி, அவற்றினுள் பம்புகளை வைத்தனர். அக்குழிகளில் மாண்டவர் பலர். நம்மவருக்கு இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம். கோவை, சேலம் பக்கங்களில் படியிறங்கும் அகன்ற கிணறுகளைக் கண்டு வளர்ந்தவர்கள் கிணற்றில் இறங்க அஞ்சுவதில்லை. அவ்வகைக் கிணறும் முற்றும் அபாயமற்றதன்று. ஆயினும், ஓராள் புகும் குறுகிய குழி வேறு வகை. காற்று அங்கே புழங்காது. பிராணவாயு குறைந்து, கரியமிலவாயு அடியில் தேங்கும். அதற்கு வாசனை இல்லை. டீசல் எந்திரம் உள்ளே ஓடியிருப்பின் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொள்ளும். விளக்கு அணையாமல் எரிந்தது என்று இறங்குவதும் தவறு. எல்லா நச்சுவாயுவையும் விளக்கு காட்டாது. மயங்கினவரைத் தூக்க இறங்கிய தம்பியும், அவரைத் தேடி இறங்கிய தந்தையுமாக ஒரே குடும்பம் அழிவது இப்படித்தான். பழுதுபார்க்க வேண்டுமானால் பம்பைக் கயிற்றால் மேலே தூக்குங்கள். எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால், இறங்காமல் உடனே தீயணைப்புப் படையை அழையுங்கள்.

ஆழ நீருக்கு ஏற்றது, நீருக்குள்ளேயே நின்று மேல்நோக்கித் தள்ளும் சப்மெர்சிபிள் பம்பு. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரானால், துணைக்கு ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பும் வைக்கலாம். சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை முன்மாதிரியாகக் கொண்டு 1970-களில் யூனிசெப்பின் ஒத்துழைப்புடன் அமைந்தது அது. தொடக்கத்தில் அதனைச் செய்தளித்த தொழிற்சாலை சென்னையில் இருந்தது என்பது நமக்கொரு மகிழ்ச்சி. அதன் உருளை நீருக்குள் அமிழ்ந்திருப்பதால் காற்றின் பாரத்தை நம்பி நிற்பதில்லை.

புதுக் குழாய் இறக்குமுன் அம்மாநில நிலத்தடி நீர் விதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள். ஹரியாணா, ராஜஸ்தான் மாநிலங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பும் புளோரைடும் மிகுதி. புளோரைடு நாவிற்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்குமுன் புதுக் குழாயின் நீரைப் பரிசோதனைச் சாலைக்கு ஒரு முறை அனுப்பிவிட வேண்டும்.