இந்தியாவின் தேசியப் பறவை

இந்தியாவின் தேசியப் பறவை மயில் ஆகும். இந்திய அரசு 1963 ஆம் ஆண்டில் இதனை அறிவித்தது. தேசிய விலங்கான புலி இதற்குப் பின்னரே, 1972 ஆம் ஆண்டில், சிங்கத்திற்கு மாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மயில் தேர்வு செய்யப்பட்டபோது கானமயில் உள்ளிட்ட வேறு சில பறவைகளும் கருத்தில் கொள்ளப்பட்டன. இன்று மயில் பெருகியுள்ளது. கானமயில் அழிவின் விளிம்பில் உள்ளது. எனவே, ஓர் உயிரினம் தேசியச் சின்னமாவதற்கும் அது காக்கப்படுவதற்கும் உள்ள தொடர்பை அறிய இத்தேர்வு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பறவை

தேசியப் பறவையாக உள்ளது நீல மயில் எனப்படும் இந்திய மயில் ஆகும். பச்சை மயில், காங்கோ மயில் என்பன வேறு இனங்கள். பர்மாவின் அரச சின்னமாக விளங்கியது பச்சை மயிலாகும்.

ஆண் மயிலின் தோகை உண்மையில் அதன் வால் அன்று. வாலின் மேற்பகுதியை மூடியுள்ள இறகுகள் மிக நீண்டு வளர்ந்தே தோகையாகின்றன. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இவை உதிர்ந்து, மறு ஆண்டு புதிதாக முளைக்கின்றன. பெண் மயில் தரையில் பொதுவாக 4 முதல் 7 முட்டைகள் வரை இடும். தானியம், பழம், பூச்சி, சிறு பாம்பு என எதனையும் உண்ணக்கூடியதாகையால் காடு, வயல், ஊர்ப்புறம் ஆகிய எல்லா இடங்களிலும் மயில் வாழ இயலும்.

தமிழர் வழக்கில் மயில்

சங்க இலக்கியம் மயிலைக் குறிஞ்சி நிலத்தின் பறவையாகக் கொள்கின்றது. குளிரால் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை அளித்த பேகன், கடையெழு வள்ளல்களுள் ஒருவன். முருகனின் ஊர்தியும் மயிலே.

சென்னையில் மயிலாப்பூரின் பெயரே மயிலோடு தொடர்புடையது. மயில்கள் ஆர்ப்பரிக்கும் ஊர் என்னும் பொருளில் 'மயிலார்ப்பூர்' என வழங்கி, பின்னர் மயிலாப்பூர் ஆனது என்பர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் தாலமி குறிப்பிடும் 'மலியார்பா' இவ்வூரே எனக் கருதப்படுகின்றது. பார்வதி மயில் உருவில் புன்னை மரத்தடியில் சிவபெருமானை வழிபட்டதாகக் கபாலீசுவரர் கோயிலின் தலபுராணம் கூறுகின்றது. புன்னையே இக்கோயிலின் தலமரமாகும்.

தேர்வும் வரையறைகளும்

இத்தேர்வின் விவரங்களைப் பதிவு செய்தவர்களுள் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912 – 1996) குறிப்பிடத்தக்கவர். பத்மாவதி சரித்திரம் நாவலை எழுதிய அ. மாதவையாவின் மகனான இவர், மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் (இன்றைய டாக்டர் இராதாகிருட்டிணன் சாலை) வாழ்ந்தவர். 1961 ஆம் ஆண்டில் சென்னையின் 'தி இந்து' நாளிதழில் இவர் எழுதிய கட்டுரை, உதகமண்டலத்தில் கூடிய இந்திய வனவிலங்கு வாரியம் தேசியப் பறவை பற்றி ஆராய்ந்ததைக் குறிப்பிடுகின்றது. சாரசு கொக்கு, செம்பருந்து, கானமயில், அன்னம் ஆகியனவும் மயிலுடன் கருதப்பட்டன.

தேர்வுக்கான வரையறைகள் பின்வருமாறு:

• பறவை நாடெங்கும் பரவலாகக் காணப்பட வேண்டும்.
• எளிய மக்களும் அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும்.
• சின்னமாக வரைவதற்கு ஏற்ற உருவம் கொண்டிருக்க வேண்டும்.
• இந்தியத் தொன்மங்களிலும் மரபிலும் இடம் பெற்றிருக்க வேண்டும்.
• வேறொரு நாட்டின் சின்னத்துடன் குழப்பிக்கொள்ளப்படக் கூடாது.

இவ்வரையறைகளைப் பொருத்திப் பார்த்தால் மயிலே எஞ்சுகின்றது. சாரசு கொக்கு பெரும்பாலும் வட இந்தியப் பறவை. தென்னிந்தியர் அதனை அறியார். அன்னம் கதைகளில் நிறைந்திருந்தாலும் இந்தியாவில் அரிதாகவே காணப்படும். செம்பருந்து கருடன் என வழிபடப்படுவது. ஆனால் கழுகு அமெரிக்காவின் சின்னத்திலும் கருடன் இந்தோனேசியாவின் சின்னத்திலும் முன்னரே இடம்பெற்றுவிட்டன. கானமயில் வறண்ட புல்வெளிகளில் மட்டும் வாழ்வது. அதன் ஆங்கிலப் பெயர் எழுத்துப் பிழையால் வசைச்சொல்லாகிவிடும் என்பதாலேயே தவிர்க்கப்பட்டது எனப் பரவலாகக் கூறப்படுவதுண்டு. ஆயினும், நாடெங்கும் காணப்பட வேண்டும் என்னும் முதல் வரையறையையே அது நிறைவு செய்யவில்லை.

ஒரு பறவை அருகி வருகின்றதா என்பது இவ்வரையறைகளில் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நாட்டை அடையாளப்படுத்துவதே இத்தேர்வின் நோக்கமாக இருந்தது.

சட்டப் பாதுகாப்பு

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலை முதலாம் அட்டவணையில் சேர்த்துள்ளது. மயிலைக் கொல்வோருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். தானாக உதிர்ந்த தோகை இறகுகளை நாட்டிற்குள் விற்கத் தடையில்லை. ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது.

2020 ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, மயில்களின் எண்ணிக்கை கூடியுள்ளதாகவும், முன்னர் அரிதாக இருந்த கேரளத்திலும் அவை பரவியுள்ளதாகவும் காட்டுகின்றது. சட்டத்தின் காப்பு, மக்கள் மயிலைக் கொல்லத் தயங்குவது, நிலப்பகுதிகள் வறண்டு வருவது, நரி போன்ற எதிரிகள் குறைந்தது ஆகியன இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

தமிழ்நாட்டில் விராலிமலை மயில்களுக்குப் பெயர்பெற்றது. கோயம்புத்தூர், திருப்பூர் முதலிய மாவட்டங்களில் விதைத்த தானியத்தையும் தக்காளி போன்ற காய்களையும் மயில்கள் தின்று அழிப்பதாக உழவர்கள் முறையிடுகின்றனர். பயிரைக் காக்க நஞ்சு வைக்கப்பட்டு மயில்கள் இறந்த நிகழ்வுகளும் உண்டு. தேசியச் சின்னத்தின் பெருமை நாடு முழுவதற்கும் உரியது. அதனால் வரும் இழப்போ சிறு உழவரின் வயலில் விழுகின்றது. பறவையையும் பயிரையும் ஒருங்கே காப்பது இன்னும் தீராத சிக்கலாகும்.

தேர்வு பெறாத கானமயில்

பெயரில் மயில் இருப்பினும் கானமயில் மயிலினம் அன்று. இது சுமார் 15 கிலோகிராம் வரை எடை கொள்ளக்கூடியது. பறக்கும் பறவைகளில் மிகுந்த எடை உடையவற்றுள் ஒன்று. ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும். முன்னர் தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகளிலும் வாழ்ந்தது. இன்று இங்கு இல்லை. 2011 ஆம் ஆண்டு முதல் பன்னாட்டுச் செம்பட்டியலில் மிக அருகிய இனமாக உள்ளது. எஞ்சியுள்ளவை 200 க்கும் குறைவு. பெரும்பாலானவை இராசத்தானில் உள்ளன. அம்மாநிலத்தின் மாநிலப் பறவையும் இதுவே.

கானமயிலும் மயிலைப் போலவே முதலாம் அட்டவணையில் உள்ளது. ஆனால் வேட்டையைத் தடுக்கும் சட்டம் அதன் வாழிடத்தை மீட்டுத் தரவில்லை. பயனற்ற தரிசு எனக் கருதப்பட்ட புல்வெளிகள் வயல்களாகவும் மின்னுற்பத்தி நிலையங்களாகவும் மாறின. நேர் முன்னே உள்ளதைத் தெளிவாகக் காண இயலாத இப்பறவைகள் மின்கம்பிகளில் மோதி இறக்கின்றன. இதனால் உச்ச நீதிமன்றம் 2021 ஆம் ஆண்டில் மின்கம்பிகளை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்டது; 2024 ஆம் ஆண்டில் அவ்வாணை தளர்த்தப்பட்டது.

பிற நாடுகளில்

சின்னமாக இருப்பது மட்டும் பாதுகாப்பாகாது என்பதற்கு அமெரிக்காவின் வெண்டலைக் கழுகு சான்றாகும். 1782 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் முத்திரையில் உள்ள இக்கழுகு, இந்தியா மயிலைத் தேர்ந்தெடுத்த அதே 1963 ஆம் ஆண்டில், அலாசுக்கா நீங்கலான பெருநிலப்பகுதியில் 500 க்கும் குறைவான இணைகளாகக் குறைந்திருந்தது. டி.டி.டி. பூச்சிக்கொல்லி அதன் முட்டையோட்டை மெலியச் செய்ததே முதன்மைக் காரணம். 1972 ஆம் ஆண்டில் டி.டி.டி. தடை செய்யப்பட்ட பின்னர் எண்ணிக்கை உயர்ந்து, 2007 ஆம் ஆண்டில் கழுகு அருகிய இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சட்டப்படி தேசியப் பறவை என்னும் தகுதியை அது பெற்றதோ 2024 ஆம் ஆண்டு திசம்பரில்தான்.

மொரிசியசின் அரசுச் சின்னத்தில் டோடோ பறவை உள்ளது. 17 ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்ட அப்பறவையை இன்று அந்நாட்டு மக்கள் சின்னத்தில் மட்டுமே காண இயலும்.