ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டினால் என்ன நடக்கும்? என் கடனட்டைக் கணக்கு

2022 ஒக்டோபரில் ஒரு பிற்பகல், வங்கியின் கடன் அறவீட்டுப் பிரிவிலிருந்து வந்த அழைப்பை என் மனைவி எடுத்தார். நான் சில நாட்களாகத் தெரியாத இலக்கங்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தேன். அதனால் விண்ணப்பப் படிவத்தில் நான் கொடுத்திருந்த இரண்டாவது இலக்கத்துக்கு அவர்கள் அழைத்திருக்கிறார்கள். அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவி என்னிடம் கேட்டார்: "மொத்தம் எவ்வளவப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மாதம் ஆகக்குறைந்தது எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தால் ரூபாய் கணக்கில் சொல்லியிருப்பேன். மொத்தக் கடன் எவ்வளவு என்பதை நான் ஒன்றரை வருடமாகப் பார்க்கவே இல்லை. இரண்டு அட்டைகளின் மாதாந்தக் கூற்றுகளையும் எடுத்து மேசையில் வைத்துக் கூட்டினோம். ஒன்றில் மூன்று இலட்சத்து எண்பதாயிரம், மற்றதில் இரண்டு இலட்சத்து இருபதாயிரம். மொத்தம் ஆறு இலட்சம் ரூபாய்.

எங்கள் சமூகத்தில் கடன் என்றால் நுண்கடனைப் பற்றிப் பேசுவோம், மீற்றர் வட்டியைப் பற்றிப் பேசுவோம். மாதச் சம்பளம் வாங்குபவர்களின் பணப்பைக்குள் இருக்கும் கடனட்டையைப் பற்றிப் பேசுவது குறைவு. அது அந்தஸ்தின் அடையாளமாக வந்து சேர்வதால், கடனாக மாறிய பிறகும் வெளியில் சொல்ல வெட்கப்படுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்தக் கட்டுரையை எழுதுவதன் நோக்கம், அந்தக் கடன் எப்படி வளர்கிறது, எப்படிக் குறைகிறது என்ற கணக்கை அதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு விளங்கப்படுத்துவதுதான்.

எப்படி ஆறு இலட்சம் ஆனது?

ஆடம்பரச் செலவு ஒன்றும் இல்லை. 2018இல் வங்கியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்கள் முதலாவது அட்டையைத் தந்தார்கள். முதல் இரண்டு வருடங்கள் முழுத்தொகையையும் உரிய திகதிக்கு முன்னர் கட்டிவந்தேன். பிறகு கொரோனாக் காலத்தில் சம்பளம் குறைந்தது. அப்பாவின் சிறுநீரக நோய்க்கான மருந்துகளை அட்டையில் வாங்கத் தொடங்கினேன். முழுத்தொகை கட்ட முடியாத முதல் மாதம் கூற்றைப் பார்த்தபோது, அதன் அடியில் 'ஆகக்குறைந்த கொடுப்பனவு' என்று ஒரு சிறிய தொகை இருந்தது. அதைக் கட்டினேன். யாரும் அழைக்கவில்லை. ஒரு பிரச்சினையும் வரவில்லை.

2022 எல்லாருக்கும் தெரிந்த வருடம். மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். சம்பளம் அதே சம்பளம். பால்மா, பருப்பு, பிள்ளைகளின் கொப்பிகள் எல்லாம் அட்டையில் வந்தன. முதலாவது அட்டையின் எல்லை முடிந்ததும் இரண்டாவது அட்டையை எடுத்தேன். இறுதியில் இரண்டாவது அட்டையில் காசு எடுத்து முதலாவது அட்டையின் ஆகக்குறைந்த தொகையைக் கட்டினேன்.

வட்டி கணக்கிடப்படும் விதம்

கடனட்டையில் வாங்கும் பொருளுக்குச் சில வாரங்கள் வட்டி இல்லை என்று சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அந்தச் சலுகை முழுத்தொகையையும் கட்டுபவருக்கு மட்டும்தான். ஒரு பகுதியை மீதி வைத்தால், பொதுவாக அந்தச் சலுகைக் காலம் போய்விடும். அதன்பிறகு இன்று வாங்கும் ஒரு பாண் துண்டுக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். பழைய கடனைத் தீர்த்துக்கொண்டே அதே அட்டையில் புதிதாக வாங்குவது ஏன் சரிவராது என்பதற்குக் காரணம் இதுதான்.

காசு எடுப்பது இன்னும் மோசம். ஏ.டி.எம். இயந்திரத்தில் கடனட்டையைப் போட்டுப் பணம் எடுத்தால் சலுகைக் காலமே கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டி, அதற்கு மேல் ஒரு கட்டணம். நான் ஒரு அட்டையால் மற்ற அட்டையைக் கட்டிய ஒவ்வொரு மாதமும் இந்தக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கடனாக்கினேன்.

வட்டி வீதமும் மாறியது. 2020இலிருந்து கடனட்டை வட்டிக்கு 18 சதவீதம் என்று மத்திய வங்கி விதித்திருந்த உச்சவரம்பு, 2022 மார்ச்சில் 20 சதவீதமானது. ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கடனட்டைக்கான உச்சவரம்பும் நீக்கப்பட்டது. சில மாதங்களில் என் அட்டைகளின் வட்டி வருடத்துக்கு 36 சதவீதமானது. ஆறு இலட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் மாத வட்டி பத்தாயிரம் ரூபாய். 36 சதவீதம் என்றால் பதினெட்டாயிரம். நான் ஒரு பொருளும் புதிதாக வாங்காமலே மாதச் செலவு எட்டாயிரம் ரூபாயால் கூடும்.

ஆகக்குறைந்த தொகை என்ற பொறி

என் வங்கிகளில் ஆகக்குறைந்த கொடுப்பனவு மொத்த நிலுவையில் 5 சதவீதம். இது வங்கிக்கு வங்கி மாறலாம். உண்மையில் வட்டி நாள் கணக்கில் ஓடும் என்றாலும், விளங்குவதற்காக மாதக் கணக்காகவே பார்ப்போம்.

ஆறு இலட்சத்துடன் ஒரு மாத வட்டி 18,000 சேர்ந்தால் 618,000. அதில் 5 சதவீதம் 30,900. இதைக் கட்டினால் கடன் குறைவது 12,900 ரூபாய் மட்டும். மீதி வட்டிக்குப் போய்விடும்.

அடுத்த மாதம் நிலுவை சற்றுக் குறைந்திருப்பதால், 5 சதவீதமும் சற்றுக் குறைந்திருக்கும். அதற்கடுத்த மாதம் இன்னும் குறையும். நமக்கு அது நிம்மதியாகத் தெரியும். ஆனால் கட்டும் தொகை குறையக் குறைய, கடன் தீரும் வேகமும் குறைகிறது. இப்படி ஒரு வருடம் ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டிவந்தால் மொத்தம் ஏறத்தாழ 330,000 ரூபாய் கட்டியிருப்போம். கடன் குறைந்திருப்பது சுமார் 138,000 ரூபாய். அதுவும் அந்த வருடம் முழுவதும் அட்டையில் ஒரு சதத்துக்கும் பொருள் வாங்காமல் இருந்தால்தான்.

இதே கணக்கில் ஒரே ஒரு விடயத்தை மாற்றிப் பாருங்கள். முதல் மாதம் கட்டிய தொகையை, 31,000 என்று வைத்துக்கொள்வோம், வங்கி குறைவாகக் கேட்டாலும் குறைக்காமல் ஒவ்வொரு மாதமும் கட்டினால் 30 மாதங்களில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். கேட்ட தொகையை மட்டும் கட்டுபவருக்கு அதே 30 மாதங்களின் முடிவில் இன்னும் மூன்று இலட்சத்துக்கு மேல் நிலுவை இருக்கும். இருவரும் முதல் மாதம் கட்டியது கிட்டத்தட்ட ஒரே தொகை.

அந்த 31,000க்குப் பதிலாக 36,000 கட்டினால் 24 மாதங்களில் தீரும். மாதம் ஐயாயிரம் கூடக் கட்டுவதால் மொத்தத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் வட்டி மிச்சமாகும். அன்றிரவு நானும் மனைவியும் கொப்பியில் இந்தக் கணக்கைப் போட்டபோதுதான், இந்தக் கடனுக்கு ஒரு முடிவுத் திகதி இருக்கலாம் என்று முதன்முதலாக எனக்குத் தோன்றியது.

நாங்கள் செய்தவை

முதலில் இரண்டு அட்டைகளையும் கத்தரிக்கோலால் வெட்டினோம். அட்டையை வெட்டினால் கணக்கு மூடப்படாது, கடனும் போகாது. கையில் இருக்கும்வரை பயன்படுத்துவேன் என்பதால்தான் அதைச் செய்தோம்.

இரண்டாவதாக, மாதம் 36,000 என்று ஒரு தொகையை முடிவுசெய்தோம். எங்கள் இருவரின் சம்பளத்தில் அது இலகுவானதல்ல. வார இறுதிகளில் வெள்ளவத்தையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போனேன். மனைவி பாடசாலை முடிந்து வந்து இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இரண்டு அட்டைகளுக்கும் ஒரே வட்டி என்பதால் சிறிய கடனை முதலில் முடிப்பது என்று தீர்மானித்தோம். பெரியதற்கு ஆகக்குறைந்த தொகை, மீதி முழுவதும் சிறியதற்கு. வட்டி வேறுபட்டிருந்தால் கூடிய வட்டியுள்ள அட்டையை முதலில் முடிப்பதே இலாபம்.

2023 ஓகஸ்ட்டில் மத்திய வங்கி மீண்டும் உச்சவரம்பு விதித்தது. கடனட்டைக்கு 28 சதவீதம், நகை அடகுக்கு 18 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான 10 சதவீத வித்தியாசத்தை மனைவிதான் முதலில் கவனித்தார். நவம்பரில் தன் காப்புகளைக் கழற்றித் தந்தார். அப்போது அட்டைகளில் மீதமிருந்தது மூன்றரை இலட்சமளவு. அடகில் எடுத்த இரண்டு இலட்சத்தை அப்படியே அட்டைக் கடனுக்குக் கட்டினோம்.

இதை எல்லோருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அட்டைக் கடனைக் கட்டாவிட்டால் வழக்கு வரும், பெயர் கெடும். அடகைக் கட்டாவிட்டால் நகை ஏலத்தில் போய்விடும். அட்டையில் புதிதாக வாங்குவது முற்றாக நின்ற பிறகு, எந்த மாதம் மீட்பது என்று திகதி போட்டு வைத்திருப்பவர் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம். அடகுக் காசில் அட்டையைத் தீர்த்துவிட்டு, மறுபடியும் அட்டையை நிரப்பினால் இரண்டு கடன்தான் மிஞ்சும்.

தெரிந்திருக்க வேண்டியவை

அந்த மாதங்களில் நான் பிந்தித் தெரிந்துகொண்ட சில விடயங்கள் உண்டு.

கட்ட முடியாமல் போகும் என்று தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்னரே வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள். அட்டைக் கடனைக் குறைந்த வட்டியுள்ள தவணைக் கடனாக மாற்றித் தரும்படி கேட்கலாம். தருவதும் தராததும் வங்கியின் முடிவு. தந்தால், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், கையாளுகைக் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள். மாதத் தொகை குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

'கிரிப்' என்று நாம் சொல்லும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தில் உங்கள் கடன்களின் வரலாறு பதிவாகிறது. நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ லீசிங்குக்கோ போனால் முதலில் பார்ப்பது அந்த அறிக்கையைத்தான். உங்கள் அறிக்கையை நீங்களே கட்டணம் செலுத்திப் பெறலாம். கடன் தீர்ந்ததும் வங்கியிடம் தீர்வுக் கடிதம் ஒன்றைப் பெற்று, கணக்கு மூடப்பட்டதா என்று உறுதிசெய்யுங்கள். மறந்துபோன வருடாந்தக் கட்டணம் ஒன்றே மீண்டும் நிலுவையாக வளர இடமுண்டு.

கடன் அறவிடுபவர்கள் எப்படி வேண்டுமானாலும் பேசலாம் என்றில்லை. மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டிருக்கிறது. மிரட்டினாலோ துன்புறுத்தினாலோ அழைப்பு வந்த நேரத்தையும் பேசியதையும் குறித்து வைத்து, முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கு தீர்வு கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் தொடர்புகொள்ளலாம்.

முடிந்த பிறகு

2024 ஏப்ரலில் இரண்டு அட்டைகளின் கடனும் தீர்ந்தது. ஒக்டோபரில் மனைவியுடன் போய்க் காப்புகளை மீட்டு வந்தேன். முதன்முதலில் கூட்டிப் பார்த்த இரவிலிருந்து சரியாக இரண்டு வருடங்கள். வட்டியாக மட்டும் எவ்வளவு கட்டினோம் என்பதையும் கொப்பியில் கூட்டி வைத்திருக்கிறோம். அப்பாவின் பல மாத மருந்துச் செலவு அதற்குள் அடங்கும்.

வழியில் வரும்போது மனைவி சொன்னார்: "கடன் பட்டது எனக்குக் கோபமில்லை. எனக்குச் சொல்லாமல் விட்டதுதான்."

அவர் சொன்னதில் கணக்கும் இருக்கிறது. 2021இலேயே சொல்லியிருந்தால் கடன் ஒன்றரை இலட்சம்தான். அன்று மாதம் 36,000 கட்டியிருந்தால் ஐந்து மாதங்களில் முடிந்திருக்கும். காப்பு அடகுக்குப் போயிருக்காது.

உங்கள் கையில் கடனட்டைக் கூற்று இருந்தால், இன்றிரவு அதில் ஆகக்குறைந்த தொகையைப் பார்க்காதீர்கள். மொத்த நிலுவையையும் வட்டி வீதத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அந்தத் தாளைக் காட்டுங்கள்.