பூட்டனாரின் 30 வெள்ளி இன்று எவ்வளவு?

எங்கள் பூட்டனார் எப்.எம்.எஸ். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து 1928-இல் ஓய்வு பெற்றவர். மாதம் 30 வெள்ளி பென்ஷன். அவருடைய தங்கை பால்மரம் வெட்டியவர். "பென்ஷன் வாங்கி ராஜா மாதிரி இருந்தார், தங்கையைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டார்" என்று அந்தக் கிளை உறவினர்கள் இன்றும் சொல்வார்கள். 30 வெள்ளியில் ராஜாவாக இருக்க முடியுமா? பொருளியல் மாணவி என்ற முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அந்த நோட்டுகளை அப்படியே பெட்டியில் பூட்டி வைத்திருந்தால்? 1967-இல் புது நாணயம் வந்த சில மாதங்களிலேயே பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதோடு பழைய வெள்ளியும் 85 காசாக இறங்கியது. ஆக, 25 ரிங்கிட் 50 காசு. ஒரு வேளை பிரியாணிக்குப் போதும்!

தங்கத்தில் பார்த்தால் கதையே வேறு. 1906 முதல் நம் வெள்ளி பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. 7 பவுண்டுக்கு 60 வெள்ளி. 30 வெள்ளி என்றால் மூன்றரைப் பவுண்டு. 1925 முதல் 1931 வரை பிரிட்டன் தங்க அடிப்படையில் இருந்ததால், மூன்றரைப் பவுண்டு என்பது மூன்றரைத் தங்கக் காசுக்குச் சமம். அந்தக் காசின் எடை ஏறக்குறைய 8 கிராம். நகைக்கடையில் 'ஒரு பவுன்' என்கிறோமே, அந்தப் பேச்சு இதிலிருந்து வந்ததுதான். மொத்தம் 28 கிராம் '916' தங்கம். கிராம் 400 ரிங்கிட் என்று வைத்தாலே 11,200 ரிங்கிட். ராஜாதான்!

ஆனால் பூட்டனார் தங்கமா சாப்பிட்டார்? இணையத்தில் கிடைக்கும் பிரிட்டிஷ் பணவீக்கக் கணிப்பான்களையும் நான் நம்பவில்லை. அவை சொல்வது அந்த நாட்டு விலைவாசியை. எனக்குச் சரியாகப் பட்டது கூலிக் கணக்கு.

அப்போது போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் நாளுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இந்தியக் குடியேற்றக் குழு நிர்ணயித்திருந்தது. 30 வெள்ளி என்பது ஓர் ஆணின் 60 நாள் கூலி. 2025-இல் வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்து, 60-ஆல் பெருக்கினால் சுமார் 3,920 ரிங்கிட். தங்கைக்கோ அது 75 நாள் உழைப்பு. அவருக்குப் பென்ஷனும் கிடையாது; ஊழியர் சேமநிதி வந்ததே 1951-இல்தான். உறவினர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பென்ஷன் புத்தகம் இருந்த அதே தகரப் பெட்டியில் மூன்று மணியார்டர் ரசீதுகளும் இருந்தன. மாதம் 20 ரூபாய், ஊரிலிருந்த தாயாருக்கு. அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு வெள்ளி ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். துல்லியமாக 28 பென்னிக்கு 18 பென்னி. 20 ரூபாய் அனுப்ப 12 வெள்ளி 86 காசு வேண்டும். கையில் மிஞ்சியது 17 வெள்ளிச் சொச்சம், அதாவது ஓர் ஆணின் 34 நாள் கூலி. அதில்தான் வீட்டு வாடகை, மனைவி, நான்கு பிள்ளைகள்.

இந்தக் கணக்கைத் தங்கை வழிச் சின்னம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான்மா. எங்க பாட்டிக்கு அனுப்பின ரசீது ஒண்ணாவது அந்தப் பெட்டியில இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை.