உங்களுக்குத் தெரியுமா? வாத்தியாருக்கே அபராதம் போட்ட மாணவர்கள்!

ஐரோப்பாவின் பழைய பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் ஒரு கை பார்த்துவிட்டோம். கிடைத்தது அத்தனையும் புதையல்! பிடியுங்கள்!

● இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகம் 1088-இல் தொடங்கியதாகக் கணக்கு. அங்கே முதலாளி யார் தெரியுமா? மாணவர்கள்! பேராசிரியர் தாமதமாக வந்தால் அபராதம். மணி அடித்த பிறகும் பாடத்தை இழுத்தால் அபராதம். வகுப்புக்கு ஐந்து பேர்கூட வரவில்லையா? அதற்கும் பேராசிரியருக்குத்தான் அபராதம்!

● அதே போலோன்யாவில் பேராசிரியர் வெளியூர் போக வேண்டுமென்றால் மாணவர்களிடம் லீவு கேட்க வேண்டும். திரும்பி வருவதற்கு ஜாமீனாகப் பணமும் கட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்!

● 1229, பாரிஸ். ஒயின் கடை பில்லில் தகராறு. அடிதடி முற்றியது. காவலர்கள் புகுந்ததில் மாணவர்கள் சிலர் பலி! உடனே ஸ்டிரைக். ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரையே காலி செய்தார்கள். போப் ஒன்பதாம் கிரிகோரி தலையிட்டு உரிமைச் சாசனம் கொடுத்தது 1231-இல். ஸ்டிரைக் நீடித்தது 2 ஆண்டுகள்!

● நோட்ஸ் எழுத விடாதே! இது 1355-இல் பாரிஸ் பல்கலைக்கழகம் போட்ட சட்டம். எதிரில் யாருமே எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆசிரியர் கடகடவென்று பேசிக்கொண்டே போக வேண்டும். இதை எதிர்த்துக் கூச்சல் போட்டாலோ, கல் எறிந்தாலோ மாணவருக்குத் தண்டனை!

● கல் என்றதும் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் விட முடியுமா? பேராசிரியர் மேல் எறியக் கல்லைக் கையில் எடுத்தால் ஒரு தண்டனை. எறிந்து குறி தப்பினால் இன்னொரு தண்டனை. குறி தப்பாமல் பட்டுவிட்டால் அதற்குத் தனி. மூன்றுக்கும் மூன்று விதி!

● 1209-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கொலை. கோபம் கொண்ட நகரத்தார் மாணவர்கள் சிலரைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். மற்றவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். அதில் ஒரு கூட்டம் போய்ச் சேர்ந்த ஊர்தான் கேம்பிரிட்ஜ். அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பல்கலைக்கழகம்!

● 1355 பிப்ரவரி 10. மீண்டும் ஆக்ஸ்ஃபோர்ட். ஒயின் நன்றாக இல்லை என்று இரண்டு மாணவர்கள் கடைக்காரரின் தலையில் அதை வீசினார்கள். மூண்டது மாபெரும் கலவரம்! பல்கலைக்கழகத்தார் 63 பேர் பலி என்கிறது கணக்கு. தண்டனையாக நகர மேயர் ஆண்டுதோறும் வந்து 63 பென்னி கட்ட வேண்டும். இது ஓயவே 1825 ஆகிவிட்டது. இரு தரப்பும் முறைப்படி கைகுலுக்கிச் சமாதானமானது 1955-இல். சரியாக 600 ஆண்டுகள்!

● ஆக்ஸ்ஃபோர்டில் எம்.ஏ. பட்டம் வேண்டுமா? 'ஹென்றி சிமியோனிஸுடன் சமாதானமாகப் போக மாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டும். அவர் வாழ்ந்தது 13-ஆம் நூற்றாண்டில். ஆளும் போய், பகைக்கான காரணமும் மறந்துபோன பிறகும் சத்தியம் தொடர்ந்தது. அதை நீக்கிய ஆண்டு 1827!

● ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஜெயிலே இருந்தது! குடித்துக் கூத்தடித்த மாணவர்களுக்கு அங்கே ஜாகை. ஆனால் வகுப்புக்கு மட்டும் போய் வரலாம்! 1914 வரை நடந்த இந்த ஜெயிலில் சுவர், கூரை எங்கும் மாணவர்கள் வரைந்த ஓவியங்கள். தன் நிழலுருவத்தையும் பெயரையும் வரைந்துவிட்டுப் போவது அவர்களுக்குப் பெருமை. இன்றும் போய்ப் பார்க்கலாம்!

● போர்ச்சுகலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களுக்குக் காவல் யார்? வௌவால்கள்! இரவில் பறந்து பறந்து பூச்சிகளைத் தின்று தீர்க்கும். ஊழியர்கள் மாலையில் பழைய மேசைகளின் மேல் தோல் விரிப்பைப் போட்டு மூடுவார்கள். காலையில் எச்சத்தைத் துடைத்தெடுப்பார்கள். தினமும் நடக்கும் வேலை இது!

● குழந்தைகளுக்கான படப் பாடப்புத்தகத்தின் முன்னோடி 1658-இல் நியூரம்பெர்கில் வெளிவந்தது. எழுதியவர் கொமேனியஸ். முதல் எழுத்துக்குக் காகத்தின் படம், பக்கத்தில் அது கரையும் ஓசை. அடுத்த எழுத்துக்கு ஆட்டுக்குட்டி, அதன் 'பே பே' சத்தம். கேட்டுக்கொண்டே எழுத்து படித்தார்கள் அந்தக் காலத்துப் பிள்ளைகள்!

● பிரான்சின் பள்ளி இறுதித் தேர்வு பக்கலோரியா. இன்று அதை எழுதுபவர்கள் பல லட்சம். 1809-இல் தேறியவர்கள்? வெறும் 31 பேர்!

● எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா. உலகிலேயே முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். இடம் பாதுவா, நாள் 1678 ஜூன் 25. இறையியல் பட்டம் கேட்டார். பெண்ணுக்குத் தர முடியாது என்றார் ஆயர். தத்துவத்தில் வென்று காட்டினார்! பார்க்கத் திரண்ட கூட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் போதவில்லை. தேர்வையே பேராலயத்துக்கு மாற்றினார்கள்!

● 1890-இல் கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கணிதத் தேர்வில் எல்லா ஆண்களையும் முந்தினார் ஃபிலிப்பா ஃபாசெட். அடுத்து வந்தவரைவிட 13 சதவீதம் அதிக மதிப்பெண்! ஆனால் பெண் என்பதால் பட்டம் இல்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தரத் தொடங்கியது 1948-இல். ஃபிலிப்பா காலமானதும் அதே 1948-இல்தான்!